அடுத்த வீட்டுப் பிள்ளை வரைந்த விமானம்

அந்த விமானத்துக்குக் கதவு கிடையாது. சன்னல் கிடையாது, சக்கரம்கூடக் கிடையாது. மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கக் குச்சிகள், குச்சிகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். கீழ் இறக்கையின் மேல் ஒரு மனிதன் குப்புறப் படுத்திருக்கிறான். அவனுக்கு முகம் இல்லை, ஒரு கறுப்புத் தலையும் முன்னே நீட்டிய இரண்டு கைகளும் மட்டும்தான். எல்லாமே தடித்த கறுப்புக் கோடுகள். தூரிகையை வைத்த இடத்திலிருந்து எடுத்த இடம்வரை ஒரே இழுப்பு, எங்கேயும் தயக்கம் இல்லை. ஒரு மளிகைக்கடைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் அண்ணன் வரைந்தது இது. மலேசியாவில், சுங்கைப்பட்டாணியில் என் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால் தாளின் மறுபக்கத்துத் தேதிக் கட்டங்கள் இறக்கைகளுக்கு நடுவே மங்கலாகத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பார்கள். மனநிலையைப் பொறுத்துப் பதில் சொல்வேன். சில நாள் அண்ணனைப் பற்றிச் சொல்வேன், சில நாள் கடை மூடிவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்வேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவனுக்கு முன் பிறந்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். அம்மாவுக்கு முதலில் மூன்று ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். மூவரும் ஒரு வயதைத் தாண்டவில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு வலிப்பு, மூன்றாமவனுக்கு என்னவென்றே யாருக்கும் தெரியவில்லை. அப்போது எங்கள் குடும்பம் சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தது. ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் அப்பா முறையாகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் போய்ப் பெயர் கொடுத்து, சூரா என்கிற பிறப்புப் பத்திரம் எடுத்து வந்து, தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்தார். பெட்டியில் சூராக்கள் இருந்தன, பிள்ளைகள் இல்லை. இதிலிருந்து அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். பெயரை எழுதினால் எமனுக்குத் தெரிந்துவிடுகிறது. எழுதாமல் விட்டால் அவன் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் போய்விடுவான். சிரிக்கத் தோன்றுகிறது, தெரியும். ஒரே முற்றத்திலிருந்து மூன்று முறை சின்னச் சவப்பெட்டி தூக்கிய வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் பிறந்த அன்றே, தொப்புள் காய்வதற்கு முன்னால், அவனை முறத்தில் வைத்து அடுத்த வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டார்கள். பிறகு அம்மா அந்த வீட்டு வாசலில் போய் நின்று, ஒரு கை தவிட்டைக் கொடுத்து அவனைத் திரும்ப வாங்கி வந்தாள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை விலையில்லாத பிள்ளை, எமன் அதைச் சீண்ட மாட்டான். நம் சனங்களிடையே பல வீடுகளில் நடந்ததுதான் இது. பலரும் மூக்கைக் குத்தி, குப்பன் என்றோ பிச்சை என்றோ பெயர் வைத்து அதோடு விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு படி மேலே போனார்கள். குழந்தை பிறந்ததா என்று கிராணி கேட்டபோது அப்பா, இதுவும் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். யாருக்கும் அஞ்சாத மனிதர், அன்று வந்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அண்ணன் தவழ ஆரம்பித்த பிறகு கிராணி ஒரு நாள் பார்த்துவிட்டு, இது யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டிருக்கிறார். அம்மா கூசாமல் அத்தை வீட்டைக் காட்டினாள்.

அவன் பிழைத்துக்கொண்டான். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவனும் போயிருந்தால் அம்மா அந்த நம்பிக்கையை விட்டிருப்பாள். அவன் நடந்து, ஓடி, பல் முளைத்து, பல் விழுந்து, மறுபடி முளைத்து நின்றபோது அது கல்லில் வெட்டியதுபோல ஆகிவிட்டது. பின்னால் நான் பிறந்ததும் எனக்கு மட்டும் சூரா எடுத்தார்கள். போனதெல்லாம் ஆண் பிள்ளைகள், பெண்ணுக்குப் பயமில்லை என்பது அம்மாவின் கணக்கு. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேரில் நான் இந்த நாட்டில் இருந்தேன், அவன் இல்லை.

அம்மா அவனை ஒருநாளும் மகனே என்று கூப்பிட்டதில்லை. "அடுத்த வீட்டுக்காரா, சாப்பிட வா" என்பாள். "அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு முட்டை வை" என்பாள். எனக்குப் பாதி முட்டை, அவனுக்கு முழு முட்டை. அவனும் விடமாட்டான். "எங்க வீட்டுல இதவிட நல்லா சமைப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிடுவான். நாங்கள் இதை ஒரு விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டோம். அவன் பெரியவனான பிறகும், அப்பா இறந்த பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. அம்மா ஒருமுறைகூட வாய் தவறியதில்லை என்பதை நான் கவனித்ததே மிகவும் பின்னால்தான்.

தோட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியர் இரக்கப்பட்டு, பத்திரம் இல்லாமலே அவனைச் சேர்த்துக்கொண்டார். ஆறாம் வகுப்போடு அது நின்றது. மற்ற பிள்ளைகள் ஐ.சி. என்கிற அடையாள அட்டை எடுக்கப் பட்டணத்துக்குப் போன அன்று அவன் வீட்டில் இருந்தான். அப்போதுதான் சூரா இல்லாததன் அர்த்தம் அவனுக்குப் புரிந்தது. அப்பா யார் யாரையோ போய்ப் பார்த்தார். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், பிறந்தபோதே சொல்லியிருக்க வேண்டும் என்று. சில வருடங்களில் அண்ணன் தோட்டத்து ஆலையில் வேலைக்குப் போனான். பேர்ப்பட்டியலில் ஏறாத வேலை. ரப்பர் மூட்டைகளின் மேல் தகர அச்சை வைத்து, தடித்த தூரிகையால் கறுப்பு மையைத் தேய்த்துத் தோட்டத்தின் அடையாளம் போட வேண்டும். எந்த மூட்டை எங்கே உற்பத்தியானது, எந்தத் தரம், எந்த ஊருக்குப் போகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். நாள் முழுக்க அடையாளம் போட்டுவிட்டு அடையாளம் இல்லாத ஆள் வீட்டுக்கு வருவான். இதைச் சொல்லி அவனே சிரிப்பான். மண்ணெண்ணெய் நாற்றம் அவன் விரல்களை விட்டுப் போனதே இல்லை.

அந்த மையில்தான் படம் வரைந்தான். மிஞ்சிய மையை ஒரு பால்டின்னில் கொண்டு வருவான். அந்த மையில் சாம்பல் நிறம் வராது. ஒன்று கறுப்பு, இல்லாவிட்டால் வெறும் தாள். அழித்துத் திருத்தவும் முடியாது. ஒருநாள் வேர்க்கடலைக் கச்சாங் பொட்டலம் சுற்றிவந்த தாளில், ஏதோ பழைய ஆங்கிலப் புத்தகத்தின் பக்கம், அந்த விமானம் இருந்தது. மனிதன் முதன்முதலாகப் பறந்த காலத்து விமானம். எண்ணெய்க் கறை பட்டுப் பாதி அழிந்திருந்தது. அதைத் திரும்பத் திரும்ப வரைந்தான். பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்துப் பக்கமிருந்து வானத்தைக் கிழித்துக்கொண்டு வரும் போர் விமானங்களை எங்கள் லயத்துப் பையன்கள் எல்லோரும் வரைவார்கள். அவன் மட்டும் ஏன் இந்தக் குச்சி வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று எனக்கு எரிச்சலாக வரும். அம்மாவுக்கு எல்லா விமானமும் கப்பல்தான், மலாய்க்காரர்கள் சொல்வதுபோல. "இதா கப்பல்? மாட்டுக்குக் கட்டுன வேலி மாதிரில்ல இருக்கு" என்றாள். நான் கேட்டபோது அவன் தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"இதுக்குக் கதவு இல்ல, பாத்தியா? கதவு இருந்தாத்தான் அங்க ஒருத்தன் நிப்பான், ஐ.சி. கேப்பான். இதுல ஏறிப் படுத்தா போதும்லா."

நான் ஆசிரியர் வேலைக்குத் தேர்வாகி, முதல் நியமனமாகக் கடல் தாண்டிச் சரவாக்குக்குப் போனபோது பினாங்கு விமான நிலையத்துக்கு அவனும் வந்தான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று, என் பெட்டி உள்ளே போவதை எட்டி எட்டிப் பார்த்தான். அன்றிரவு தொலைபேசியில் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேகத்துக்குள் போகும்போது சன்னல் நனைந்ததா? நனைந்தது என்றேன். உண்மையில் நான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

தோட்டம் விற்கப்பட்டு, பால்மரங்கள் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, லயத்தை இடித்ததும் அம்மாவும் அவனும் புக்கிட் செலம்பாவில் ஒரு சிறு வீட்டுக்கு மாறினார்கள். ஒரு மோட்டார் பட்டறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. பழுதான எந்த மோட்டார் சைக்கிளையும் ஓட வைப்பான், ஆனால் ஓட்டுவதற்கு அவனுக்கு உரிமம் கிடையாது. போலீஸ் சாலைத் தடுப்பு எங்கே இருக்கிறது என்பது காக்கைகளுக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். செம்பனைக் காட்டுக்குள் மண் பாதை, பாலத்துக்கு அடியில் ஒற்றையடிப் பாதை என்று சுங்கைப்பட்டாணிவரை அவனுக்கென்று தனி வழி இருந்தது. தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண் வீட்டில் பெரிய எதிர்ப்புக்கூட இல்லை. திருமணத்தைப் பதிய முடியாது, பிறக்கும் பிள்ளைக்கும் சிக்கல் வரும் என்று தெரிந்ததும் அவனே விலகிவிட்டான். "எம்புள்ளயும் காட்டு வழியிலதான் போகணுமா?" என்றான். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

நான் சொந்த மாநிலமான கெடாவுக்கு மாற்றலாகி வந்ததும் இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று இறங்கினேன். எனக்குப் பொறுமை குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அந்த அலைச்சலில் பொறுமையாகத்தான் இருந்தேன். சமூக சேவை செய்யும் நண்பர் ஒருவர் வழிகாட்டினார். பள்ளிப் பதிவுகள் தேடி எடுத்தோம். பிரசவம் பார்த்த மருத்துவச்சி இறந்துவிட்டிருந்தார். தவிடு வாங்கிக்கொண்ட அத்தை மகனோடு பண்டார் பாருவுக்குக் குடிபோனவர், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எஞ்சிய சாட்சி அம்மா ஒருத்திதான். அம்மா பதிவு அலுவலக முகப்பில் போய், இவன் நான் பெற்ற பிள்ளை என்று சொல்ல வேண்டும். அதன் மேல்தான் மற்ற எல்லாம் நிற்கும் என்றார் அந்த நண்பர்.

ஒரு வாரமாகச் சமையலறையில் வைத்து அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே தலையாட்டினாள். எங்கே, ஒருமுறை சொல்லிக் காட்டு என்றால், அங்கே வந்து சொல்கிறேன் என்பாள். கூச்சம் என்று நினைத்தேன். அண்ணன் அந்த வாரம் முழுக்க வேறு ஆளாக இருந்தான். முடி வெட்டிக்கொண்டான். வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கினான். ஐ.சி. படத்துக்குக் கறுப்புச் சட்டை நல்லதா, நீலம் நல்லதா என்று என் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தான். முதலில் எங்கே பறக்கலாம் என்று பேச்சு வந்தபோது, லங்காவித் தீவு போதும், அரை மணி நேரம், பயந்தாலும் சீக்கிரம் இறங்கிவிடலாம் என்றான். தலை நரைத்தவன் அப்படிப் பேசியதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

பதிவு அலுவலகத்தில் எங்கள் எண் வந்தது. முகப்பில் இருந்தவள் இளம் மலாய்ப் பெண், நல்ல மாதிரி. அம்மாவுக்கு முட்டி வலி என்று பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தாள்களைப் புரட்டிவிட்டு, மக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, இவர் உங்கள் பிள்ளைதானே என்று மலாயில் கேட்டாள். அம்மாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும். அவள் எழுதத் தயாராக இருந்த அந்தப் பெண்ணின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"புக்கான். அனாக் ஓராங் செபெலா."

இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்களின் பிள்ளை. அம்மா வயதானவர், புரியாமல் சொல்கிறார் என்று நான் குறுக்கே புகுந்தேன். அந்தப் பெண், அம்மாதான் சொல்ல வேண்டும் என்று மென்மையாகத் தடுத்துவிட்டு, மெதுவாக, இன்னொரு விதமாக, இந்த மனிதரைப் பெற்றது நீங்களா என்று கேட்டாள். அம்மா மறுபடியும் புக்கான் என்றாள். இந்த முறை தலையையும் ஆட்டினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தை அச்செடுத்ததுபோல இருக்கும் அவன் முகத்தைப் பார்த்தாள். அவளால் என்ன செய்ய முடியும்? சொன்னதை எழுதுவதுதான் அவள் வேலை. தாயும் பிள்ளையும் ரத்தப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டால் இன்னும் வழி இருக்கிறது என்று மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

அண்ணன் அம்மாவின் கையைப் பிடித்துப் படி இறக்கினான். வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி அவளுக்குக் குளுகுளுவென்று ஒரு கிண்ணம் செண்டோல் வாங்கிக் கொடுத்தான். அவளும் சாப்பிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியை எதன் மேலாவது மோதிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். பெற்ற தாயா நீ, அவன் வாழ்க்கையைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டாயே என்றேன். இன்னும் மோசமாகவும் கேட்டேன். அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு பேருக்கு எழுதுனோம். மூணும் போச்சு. இவனுக்கு எழுதல, இருக்கான். ஐ.சி. இல்லாம இருக்கான், கல்யாணம் இல்லாம இருக்கான், ஆனா இருக்கான்ல? எனக்கு அது போதும்."

"உனக்குப் போதும். அவனுக்கு?"

அண்ணன்தான் குறுக்கே வந்து, விடு தங்கச்சி, பயந்துட்டாங்க என்றான். ரத்தப் பரிசோதனைக்கு அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. நச்சரிக்காதே, கொஞ்ச நாள் போகட்டும், நானே பேசிச் சரிக்கட்டுகிறேன் என்று அண்ணன் கேட்டுக்கொண்டான். அந்த வெள்ளைச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டான். அதன் பிறகு அவன் படம் வரைந்து நான் பார்க்கவில்லை. ஒருநாள் விமானப் படத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, உன் வீட்டில் இடம் இருக்கிறது, இங்கே மாட்டிக்கொள் என்றான். ஏன் என்று கேட்டதற்கு, அங்கே கரப்பான் அரிக்கிறது என்றான்.

அந்த மழைக்காலத்தில் ஒரு மாலை, பட்டறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது பெரிய சாலையில் தடுப்பு போட்டிருந்தார்கள். வழக்கம்போல அவன் செம்பனைக் காட்டுப் பாதைக்குள் திரும்பினான். சேறு வழுக்கியது, எதிரே செம்பனைப் பழக்குலை ஏற்றிய லாரி வந்தது. லாரிக்காரர் மேல் தவறில்லை என்று அவரே அழுதுகொண்டு சொன்னார், நான் நம்புகிறேன். அந்தத் தடுப்பில் அன்று அவனைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சில நாள் உள்ளே வைத்திருப்பார்கள், நாங்கள் போய்க் கெஞ்சியிருப்போம். அவ்வளவுதானே என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அவளுக்குச் சோறு போடுகிறேன், முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன். மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் தெரியாது. அந்த மூன்று பிள்ளைகளை நினைத்தால் மன்னிக்கலாம் போலிருக்கும், நாலாமவனை நினைத்தால் முடியாது. எரிவாயு உருளை கொண்டுவருகிறவர் படத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால் போதும், அம்மா உள்ளேயிருந்து வந்துவிடுவாள். என் மகன் வரைந்தது என்பாள். பள்ளி வேன் ஓட்டுகிறவரிடம் சொல்வாள், கோயிலில் பக்கத்தில் உட்காரும் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வாள். என் மகன், என் மகன். வாழ்நாள் முழுக்க வாயில் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டித் தீர்க்கிறாள். சில சமயம் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

அந்தச் சொல்லை நான் அவள் வாயிலிருந்து முதன்முதலில் கேட்டது ஆஸ்பத்திரியின் பிணவறை வாசலில். அவன் சட்டைப்பையில் ஐ.சி. இல்லாததால் பெயர் தெரியாத ஆள் என்று வைத்திருந்தார்கள். உடலைத் தருவதற்கு முன் இறந்தவர் யார், உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு போலீஸ்காரர் விசாரித்தார். நான் என் ஐ.சி.யை நீட்டி, தங்கை என்று சொல்ல வாயெடுத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள், அம்மா, என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "அனாக் சாயா" என்றாள். என் பிள்ளை. அவர் ஏதும் கேட்பதற்குள் இன்னும் சத்தமாக, அந்த நடைபாதை முழுக்கக் கேட்கும்படி, அனாக் சாயா, நான் பெற்றவன் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே சொல்லலாம்" என்றாள்.

போலீஸ்காரர் பேனாவை எடுத்து, அம்மா சொன்னதை எழுதிக்கொண்டார்.